வெட்டாமல் விட்ட மண்

எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது என்ற செய்தி முப்பத்தொன்பது வருஷம் ரகசியமாக இருந்தது. கொரோனா வந்துதான் அதை ஊருக்குச் சொன்னது.

அதுவரை நான் சென்னைக்குப் பக்கத்தில், கார்களுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகன். மிஷினிலிருந்து வந்து விழுகிற இரும்புத் துண்டை எடுப்பேன், வெர்னியரால் அளப்பேன், ஒரு மயிரளவு கூடினாலோ குறைந்தாலோ முகத்தைச் சுளித்துக்கொண்டு சிவப்புப் பெட்டியில் போடுவேன். பதினொரு வருஷம் முகம் சுளித்தே சம்பளம் வாங்கினேன். ஊரடங்கு வந்து கார் வாங்க ஆளில்லாமல் போனபோது, கம்பெனி எங்களை ஒவ்வொருவராக எடுத்து அளந்து பார்த்தது. நான் சிவப்புப் பெட்டிக்குப் போனேன்.

மனைவி, மகள், ஒரு கிரைண்டர், ஒரு வெர்னியர். இவ்வளவோடு குன்னம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தோம். வெர்னியர் கம்பெனிச் சொத்து இல்லை, என் சொந்தக் காசில் வாங்கியது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற ஊரில் அதை வைத்து எதை அளப்பது என்று யோசிக்கவில்லை.

வேலை தேடாமல் இல்லை. அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். என் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு படிச்ச ஆளுக்கு வேல குடுக்கிற தகுதி எனக்கு இல்லீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இல்லை என்பதை அவ்வளவு மரியாதையாக எனக்கு யாரும் சொன்னதில்லை. வெளியே வந்து பஸ் ஏறிய பிறகுதான் அது இல்லை என்பதே புரிந்தது.

அடுத்து, பாடாலூரில் ஹைவேஸ் ஓரத்து ஓட்டல் ஒன்றுக்கு சூப்பர்வைசர் வேண்டும் என்றார்கள். போனேன். முதலாளியே சாலையோரம் நின்று ஒரு பச்சைத் துண்டை ஆட்டி, வராத பஸ்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் விவரம் எல்லாம் கேட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் நீங்க ஆட்டுறீங்களா சார், கை வலிக்குது" என்றார். அரை மணி நேரம் ஆட்டினேன். ஒரு டீ கொடுத்தார். அந்த நாலைந்து மாதத்தில் என் படிப்புக்குக் கிடைத்த ஒரே ஊதியம் அந்த டீதான்.

அந்தச் சமயத்தில் டிவியில், விழுந்து கிடக்கும் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த அரசாங்கம் என்னென்ன செய்யப்போகிறது என்று நாள் கணக்கில் வாசித்தார்கள். நான் நோட்டும் பேனாவுமாக முன்னால் உட்கார்ந்துவிட்டேன். சிறு தொழிலுக்கு இது, பெரிய தொழிலுக்கு அது, மின்சாரத்துக்கு, மீனுக்கு என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒன்று இருந்தது. சிவப்புப் பெட்டியில் கிடப்பவனுக்கு என்ன என்று கடைசிவரை காத்திருந்தேன். நூறு நாள் வேலைக்குக் கூடுதலாகப் பணம் ஒதுக்கியிருக்கிறோம் என்றார்கள். அது நமக்கில்லை என்று நான் தண்ணீர் குடிக்க எழுந்துபோனேன். என் மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

அவள் தா.பழூர்ப் பக்கத்துக்காரி. நெல் வயலில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டில் தரையில் கால் வைத்து நடக்கிற ஒரே ஆள் அவள்தான்.

"கார்டுல உங்க பேரும் இருக்குங்க" என்றாள்.

எடுத்துவந்து காட்டினாள். எப்போதோ என் அம்மா உயிரோடு இருந்தபோது குடும்பத்துக்கு வாங்கிய வேலை அட்டை. அதில் ஒட்டியிருந்த அதைவிடப் பழைய போட்டோவில் மீசை அரும்பிய ஒரு பையன் கலெக்டர் ஆகப்போகிறவன் மாதிரி முறைத்துக்கொண்டிருந்தான். நான்தான்.

"நான் எப்படி அங்க போறது?"

"நடந்துதான். ஏரி பக்கத்துலதான இருக்கு."

அவளிடம் சொல்ல முடியாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது. சென்னையில் நல்ல வேலையில் இருந்த காலத்தில், எங்கள் ஊர் வாட்ஸப் குரூப்பில் நான் ஒரு நகைச்சுவை மன்னன். வேப்பமரத்தடியில் பத்துப் பேர் தூங்குகிற படம் ஒன்றைப் போட்டு, 'நூறு நாள் வேலை மும்முரமாக நடக்கிறது' என்று எழுதியிருந்தேன். நிறையச் சிரிப்புப் பொம்மைகள் வந்தன. சிரிக்காதவர்கள் யார் யார் என்று அப்போது நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரைக்குப் போனபோது பார்த்தேன்.

பணித்தளப் பொறுப்பாளர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பன்னிரண்டாவது முடித்தவள். அவள் கணவன் கொத்தனார், கேரளாவில் வேலை செய்துகொண்டிருந்தவன், அந்த வருஷம் அவனும் வீட்டில்தான் இருந்தான். அவள் கையில் நீல அட்டை போட்ட நோட்டு, தோளில் அளவு நாடா, முகத்தில் பூப்போட்ட முகக்கவசம். என்னைப் பார்த்ததும் நோட்டைத் திறந்தாள்.

"வாங்கண்ணே. மண்வெட்டி கொண்டாந்தீங்களா, தலகாணி கொண்டாந்தீங்களா?"

கரையில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். கவசத்துக்கு மேலே தெரிந்த கண்களே அவ்வளவு சிரிக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நானும் சிரித்தேன், வேறு வழியில்லை. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் பெயரை எழுதிக்கொண்டாள், குழி ஒதுக்கினாள்.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஊருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த வீடுகளுக்கெல்லாம் அவளே போயிருக்கிறாள். வேலை கேட்டு மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றிய ஆபீசில் முதலில் ரோட்டோரப் புல் செதுக்கும் வேலையைத்தான் கொடுத்தார்கள். செதுக்கிய புல் பத்து நாளில் திரும்பவும் முளைக்கும். இவள் நாலு தடவை பஸ் ஏறிப் போய், "ஏரிய வெட்டக் குடுங்க சார், அளவு நான் காட்டுறேன்" என்று கேட்டு வாங்கிவந்தாள். ஆபீசில் ஒரு நிபந்தனையோடு கொடுத்தார்கள். முதல் வாரம் முடிந்ததும் ஓவர்சியர் வந்து அளப்பார். அளவு சரியாக இருந்தால் மழை பிடிக்கிறவரை ஏரி வேலை. இல்லையென்றால் அதோடு மூடிவிட்டு மறுபடி புல். வாக்குக் கொடுத்தவள் அவள்.

வேலை நடக்கிற முறை எளிமையானது. கரையிலிருந்து ஏரிக்குள்ளே நீள நீளமான பட்டைகளாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். ஒரு பட்டைக்குப் பத்துப் பேர். பட்டைக்குள் ஆளுக்கொரு குழி, ஒன்றையடுத்து ஒன்று, நடுவில் வரப்பு கிடையாது. வாரக் கடைசியில் ஒன்றரை அடி ஆழம் இறங்கியிருக்க வேண்டும். பத்துக் குழியையும் சேர்த்துத்தான் அளவு. ஒருவர் குறைத்தால் பத்துப் பேருக்கும் குறையும்.

எங்கள் பட்டையில் ஒன்பது பெண்கள், ஒரு நான். என் குழிக்கு ஒரு பக்கம் என் மனைவி. இன்னொரு பக்கம் என் ஒன்றுவிட்ட சின்னம்மா. சின்னம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவருடைய மண்வெட்டி இறங்குகிற இடத்தில் கரிசல் மண் கேக் மாதிரி விண்டு வரும். என் மண்வெட்டி இறங்கினால் மண்ணுக்கு ஒன்றும் ஆகாது, எனக்குத்தான் முழங்கைவரை அதிரும்.

"தம்பி, மண்ண வெட்டச் சொன்னா தட்டி எழுப்புறியே, அது என்ன பள்ளிக்கூடத்துக்குப் போவணுமா?" என்றார் முதல் நாள்.

இரண்டாம் நாள் உள்ளங்கையில் கொப்புளம். மூன்றாம் நாள் கொப்புளத்தின் மேல் கொப்புளம். மண்ணைச் சட்டியில் அள்ளித் தலையில் வைத்துக் கரையேறும்போது, அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். மருமகள் கதை, ரேஷன் அரிசி கதை, ஆன்லைன் வகுப்புக்கு செல்போன் கேட்டு அழுகிற பிள்ளை கதை. ஒரு கதை கரை உச்சியில் முடியும், இறங்கும்போது அடுத்தது ஆரம்பிக்கும். நான் ஏறும்போது மூச்சு மட்டும்தான் விட்டேன், அதுவும் சத்தமாக. வேப்பமரத்தடியில் அவர்கள் உட்கார்ந்தது சாப்பாட்டு நேரத்தில்தான். தூங்கியது ஒரே ஆள். எழுப்பியது என் மனைவி.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொருவர் குழியின் நடுவிலும் ஒரு அண்டா அகலத்துக்கு மண்ணை வெட்டாமல் திட்டாக விட்டிருந்தார்கள். என்னிடமும் பொறுப்பாளர், "நடுவுல விட்டு வெட்டுங்கண்ணே" என்று சொல்லியிருந்தாள். ஏன் என்று கேட்டிருக்கலாம். டிப்ளமா படித்தவன் எப்படிக் கேட்பது? அவர்கள் தரப்பில், இஞ்சினியருக்கு இதுகூடவா தெரியாது என்று யாரும் சொல்லவில்லை. ஆக, இரண்டு பக்கத்து மரியாதையும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தது. சின்னம்மா தன் திட்டின் மேல் தண்ணீர்க் குடத்தையும் வெற்றிலைப் பையையும் வைப்பார், மற்றவர்கள் தூக்குவாளியை வைப்பார்கள். பார்த்துவிட்டு, சாமான் வைக்கிற மேடை போலிருக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், நாளைக்குக் காலையில் ஓவர்சியர் அளக்க வருகிறார் என்று பொறுப்பாளர் சொன்னாள். எல்லோரும் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள்.

எனக்குள் பதினொரு வருஷப் பழக்கம் விழித்துக்கொண்டது. கம்பெனியில் வெளியாள் ஆடிட் வருகிறார் என்றால் முதல் நாளே தரையைப் பளபளவென்று துடைப்போம், தேவையில்லாத எதுவும் கண்ணில் படக்கூடாது. ஆடிட்டர் முதலில் பார்ப்பது தரையைத்தான் என்று எங்கள் மேனேஜர் பாடமே எடுப்பார். அந்தக் கண்ணோடு நான் எங்கள் பட்டையைப் பார்த்தேன். அழகான நீளப் பள்ளம், நடுவில் அசிங்கமாகப் பத்துத் திட்டுகள். ஒரு வாரமாக என்னைச் சுமந்த இந்தப் பெண்களுக்கு நானும் ஏதாவது செய்ய வேண்டாமா?

மனைவியிடம், "நீ போ, கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்றேன். அந்த வாரத்தில் நான் உருப்படியாக உழைத்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான். ஒவ்வொரு திட்டாக வெட்டி, மண்ணைக் கரையில் கொண்டுபோய்க் கொட்டி, தரையை மண்வெட்டியின் முதுகால் தட்டிச் சமன் செய்தேன். ஒன்பது திட்டுகளை எடுத்தேன். மீதி ஒன்றில் சின்னம்மா விட்டுப்போன குடம் இருந்தது. அவர் குடத்தை அவரைக் கேட்காமல் நகர்த்துகிற துணிச்சல் எனக்கு இல்லை. அதை மட்டும் விட்டேன்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் போய்க் கரையில் நின்றேன். அடுத்து வந்தது பொறுப்பாளர். எங்கள் பட்டையைப் பார்த்தாள். நின்றாள்.

"அண்ணே... திட்டெல்லாம் எங்க?"

"எடுத்துட்டேம்மா!" என்றேன், மாலை விழப்போகிற கழுத்தோடு. "ஒண்டியா நின்னு எடுத்தேன். இப்பப் பாரு, கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி இருக்கு."

அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

பெண்கள் வந்தார்கள். சொல்லிக்கொண்டு வந்த கதை ஒவ்வொருவருக்கும் பாதியில் நின்றது.  சின்னம்மாதான் வாயைத் திறந்தார்.

"டேய் இஞ்சினியரு. எம்புட்டு ஆழம் வெட்டுனோமுன்னு எத வச்சுடா சொல்றது? தரை எங்க இருந்துச்சுன்னு அந்தத் திட்டோட தலதான்டா காட்டும். அதான் நமக்கு சாட்சி. சாட்சியக் கொன்னு பொதைச்சுட்டு, கோர்ட்டு வாசலக் கூட்டிப் பெருக்கிட்டு நிக்கிறியே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வரப்பு இல்லை. பின்னால் கரைப் பக்கம் சட்டி சுமந்து நடந்து நடந்து சரிந்துபோன பாதை. முன்னால் ஏற்கனவே பள்ளமாகக் கிடந்த ஏரி. ஐந்து நாள் உழைப்பு எவ்வளவு என்று சொல்ல அங்கே இருந்தவை அந்தத் திட்டுகள் மட்டும்தான். தலைமயிர் பருமனுக்கு இரும்பை அளந்தவன், ஏரியில் இருந்த அளவுகோலையே அள்ளிக் கரையில் கொட்டிவிட்டேன்.

"இன்னும் அர மணி நேரம் இருக்கு" என்றேன். "மறுபடி கட்டிடலாம்." யாரும் வேண்டாம் என்று சொல்லுமுன் என் குழியில் குதித்து, ஈர மண்ணை அள்ளிக் குவித்து, தட்டி, உச்சியில் கொஞ்சம் அறுகம்புல்லையும் நட்டுவைத்தேன். சின்னம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு கண்ணு வச்சா புள்ளையார் சதுர்த்திக்கு ஆவும்."

பொறுப்பாளர் எழுந்து வந்தாள். என் பிள்ளையாரைக் காலால் ஒரு தள்ளு தள்ளினாள். சரிந்து விழுந்தது.

"வெட்டாத மண்ணு எது, வெட்டிப்போட்ட மண்ணு எதுன்னு ஓவர்சியருக்குத் தெரியாதாண்ணே? செய்யாத வேலைக்குத்தான் கள்ள சாட்சி வேணும். நாம செஞ்சிருக்கோம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. என்னைத் திட்டுகிற நேரத்தில் அவள் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பட்டையின் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் மனைவியிடம், "அக்கா, எங்க வூட்டுக்கு ஓடிப்போயி, அவருகிட்ட மேஸ்திரி நூல வாங்கிட்டு வந்துருங்க" என்றாள். என் மனைவி ஓடினாள். அவள் திரும்பி வரவும் ஓவர்சியரின் பைக் கரையேறவும் சரியாக இருந்தது.

ஓவர்சியர் ஒல்லியான மனிதர். அதிகம் பேசாதவர். பட்டையைப் பார்த்ததும் வண்டி ஸ்டாண்டைப் போடாமலே கேட்டார்.

"ஏம்மா, திட்டு எங்க? ஏற்கனவே பள்ளமா கெடந்த எடத்துல ஒக்காந்து எழுந்திரிச்சுட்டு, வெட்டுனோம்னு எழுதச் சொல்றீங்களா? வாட்ஸப்புல வருதே மரத்தடிப் படம், அதெல்லாம் சும்மாவா போடுறாங்க?"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தாள். நான் முகக்கவசத்தை இன்னும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆனால் எங்கேயாவது ஒரு இடத்தில் நானும் ஆம்பளையாக இருக்க வேண்டுமே. முன்னால் போனேன்.

"சார், திட்ட எடுத்தது நான்தான். அவங்களுக்குத் தெரியாது. சுத்தமா இருக்கட்டுமேன்னு எடுத்துட்டேன்."

"நீங்க யாரு?"

"டிப்ளமா மெக்கானிக்கல் சார். குவாலிட்டி கண்ட்ரோல்ல இருந்தேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதான்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குள் எங்கள் கல்லூரி, கம்பெனி, மேனேஜர் எல்லோரும் அடக்கம்.

"அளக்க ஒரு வழி இருக்கு சார்" என்றாள் பொறுப்பாளர். "எங்க பட்டைக்கு இந்தப் பக்கம் கீழத்தெருப் பட்டை, அந்தப் பக்கம் வடக்குத்தெருப் பட்டை. ரெண்டுலயும் திட்டு அப்படியே இருக்கு. நேருக்கு நேரா அதோட தலையிலேருந்து இதோட தலைக்கு நூல் புடிச்சா, நடுவுல இருக்கிற எங்க குழிக்குப் பழைய தரை அதுதான. நூலுலேருந்து கீழ அளந்துக்குங்க."

"நடுவுல உங்க எடம் முன்னாடியே பள்ளமா இருந்திருந்தா?"

 அவள் நூலின் ஒரு முனையை ஒரு பெண்ணிடமும் மறு முனையை இன்னொரு பெண்ணிடமும் கொடுத்து, சின்னம்மாவின் குழிக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். சின்னம்மா போய்த் தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். கீழத்தெருத் திட்டிலிருந்து வடக்குத்தெருத் திட்டுக்கு நூல் விறைத்தது. நடுவில் சின்னம்மாவின் திட்டின் தலையை உரசிக்கொண்டு நின்றது. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. திட்டின் உச்சியில் இருந்த காய்ந்த கோரைப்புல் மட்டும் நூலில் மடங்கியது.

ஓவர்சியர் குனிந்து பார்த்தார். பிறகு பைக்குக்கு ஸ்டாண்டைப் போட்டார்.

பத்துக் குழிக்கும் பத்துத் தடவை நூல் பிடித்தோம். நாடாவைப் பிடித்து அளவைப் படிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தாள் பொறுப்பாளர். "அதுல நீங்க கெட்டிதானண்ணே" என்றாள். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை என்று நான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். முதல் குழி ஒன்றரை அடி. இரண்டாவது ஒன்றரைக்கு மேல். மூன்றாவது, நான்காவது, எல்லாம் சரி. ஐந்தாவது சின்னம்மாவுடையது. ஒன்றரை அடிக்கு மேல் மூன்று விரல் கூடுதல். ஆறாவதுக்கு வந்தேன். படித்தேன். மறுபடியும் படித்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் ஓவர்சியர்.

"ஆறு விரல் கம்மி சார்."

"யாரு குழி?"

"என்னுது."

ஏழாவது என் மனைவியின் குழி. மூன்று விரல் கூடுதல்.

நான் நாடாவைப் பிடித்தபடி நின்றேன். ஒரு பக்கம் மூன்று விரல், இன்னொரு பக்கம் மூன்று விரல், நடுவில் என் ஆறு விரல். எந்தக் கம்பெனியிலும் இவ்வளவு துல்லியமாக ஒரு குறையை அடைத்து நான் பார்த்ததில்லை. இருவரும் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்டு செய்ததாகவும் தெரியவில்லை. ஒரு வாரம் இருவருக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன் நான், எனக்கு அது தெரியாமலே நடந்திருக்கிறது.

மொத்த அளவு சரியாக வந்தது. சொல்லப்போனால் ஒரு கொசுறு கூடவே வந்தது. ஓவர்சியர் பொறுப்பாளரின் நீல நோட்டை வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஏரி வேல தொடரட்டும். மழைக்கு முன்னால மதகுவரைக்கும் வெட்டிருங்க" என்றார். வண்டியை எடுத்தவர் என்னிடம் திரும்பி, "சார், இனிமே பெருக்காதீங்க" என்றார்.

அவர் பைக் கரை இறங்கியதும் பெண்களுக்குக் கதை திரும்பி வந்துவிட்டது. ஒருத்தி என் மாதிரியே நாடாவைப் பிடித்து, "என்னுது" என்று குரல் கம்ம நடித்துக் காட்டினாள். நன்றாகவே இருந்தது. பொறுப்பாளர் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், அடுத்த வாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு எங்கிருந்து போடுவது என்று பேச ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவியிடம் கேட்டேன்.

"நான் பின்தங்கிட்டேன்னு எப்பத் தெரியும்?"

"புதன்கெழமையே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வெளக்கம் சொல்ல ஆரம்பிச்சிருவீங்க. அதக் கேக்குறதுக்கு மூணு வெரல் மண்ணு வெட்டிர்றது சுலபம்."

பதினான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் என்னை இவ்வளவு சரியாக யாரும் அளந்ததில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லீவு. யாருக்கும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போய், என் குழியில் அந்த ஆறு விரலை வெட்டினேன். யாரும் கேட்கவில்லை, எந்த நோட்டிலும் ஏறப்போவதில்லை. ஆனாலும் மண்வெட்டி அன்றைக்குத்தான் முதல் தடவையாக மண்ணுக்குள் இறங்கியது. பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு போன சின்னம்மா நின்று பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான்.

ஐப்பசி மழை வருவதற்குள் மதகுவரை வெட்டி முடித்தோம். அந்த வாரங்களில் நான் வாட்ஸப் குரூப்பில் என் கொப்புளங்களைப் படம் பிடித்துப் போட்டேன். 'நூறு நாள் வேலை மும்முரமாக நடக்கிறது' என்று அதே வாசகத்தைக் கீழே எழுதினேன். முதல் சிரிப்புப் பொம்மை பொறுப்பாளரிடமிருந்து வந்தது. மழை நன்றாகப் பெய்தது. ஏரி நிரம்பியது. எங்கள் ஏரி நிரம்பி நான் பார்த்தது பள்ளிக்கூட நாளில் ஒரு தடவை, அதற்குப் பிறகு அப்போதுதான்.

பிறகு கம்பெனிக்காரர்கள் போன் செய்தார்கள். நான் போகவில்லை. பெரம்பலூரில் மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் பழுது பார்க்கிற ஒர்க்ஷாப் ஒன்றில் இருக்கிறேன், வெர்னியருக்கும் வேலை கிடைத்துவிட்டது. அரசாங்கம் பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்தியதா இல்லையா என்று டிவியில் இப்போதும் இரண்டு பக்கமாக உட்கார்ந்து பேசுகிறார்கள். எனக்கு அந்த அளவுக்குத் தெரியாது. அந்த வருஷம் எங்கள் தெருவில் அடுப்பு எரிந்தது. எரியவைத்தது டிவியில் வாசித்த ஒரு வரியும், அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை பஸ் ஏறிய ஒரு பெண்ணும்.

ஏரி நிரம்பியதைப் பார்க்க ஊரே கரையில் நின்றபோது, என் மகள் கேட்டாள்.

"அப்பா, இதுல நீ வெட்டுன எடம் எது?"

நான் கையை நீட்டித் தேடினேன். எல்லாம் ஒரே தண்ணீர். பக்கத்தில் நின்ற சின்னம்மா, குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னார்.

"நல்லாப் பாரு ஆயி. எந்த எடத்துல தண்ணி ஆறு வெரல் கம்மியா நிக்குதோ, அதான் ஒங்கப்பன் வெட்டுனது."

"சின்னம்மா, அதத்தான் ஞாயித்துக்கெழமை வந்து வெட்டிட்டேனே. நீங்களே பாத்தீங்கல்ல!"

"நான் பாத்தேன்" என்றார் சின்னம்மா. "சாட்சி எங்க?"